சூனியக்காரியின் தங்கை

சின்னவள் கல்லூரியில் ஊடகவியல் நடத்துகிறவள். அவளுடைய அக்கா பெரியவள், தொலைக்காட்சியில் சூனியக்காரி. தினமும் மாலையில் ஓடுகிற மாயக்கதைத் தொடர் ஒன்றில், சதுப்பு நிலத்துக் குகைக்குள் உட்கார்ந்துகொண்டு ராணியின் குடியைக் கெடுப்பது அவள் வேலை. கதாநாயகிக்கு அத்தை, கதாநாயகனுக்கு எதிர்வீட்டுக்காரி என்று ஓரத்தில் நின்றே தேய்ந்து போனவளுக்கு முதல்முதலாகக் கிடைத்த நடு இடம் அது. குகையாக இருந்தால் என்ன, நடு இடம் நடு இடம்தானே.

தொடரில் நல்லவர்கள் எல்லாம் வெளுப்பு, கெட்டவர்கள் எல்லாம் கறுப்பு என்று பார்க்கிறவர்களிடமிருந்து புகார் வர ஆரம்பித்தது. படித்தவர் யாரையாவது விட்டு ஆராய்ந்து பார்ப்பது என்று நிலையம் முடிவு செய்தது. நிகழ்ச்சித் தலைவர் தேடிப்பிடித்துச் சின்னவளையே கூப்பிட்டார். உறவு தெரிந்துதான் கூப்பிட்டார். சூனியக்காரியின் தங்கையே பழுதில்லை என்று சொல்லிவிட்டால் வேறு யார் வாய் திறக்க முடியும்? சரக்கு வாங்க வந்தவனின் மாமனை விட்டே விலை சொல்ல வைக்கிற கடைத்தெரு வித்தை அது.

சின்னவளிடம் அது பலிக்கவில்லை. அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் ஒலியை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பாள்: கேமரா எங்கே நிற்கிறது, வெளிச்சம் யார் மேல் விழுகிறது, யாருக்கு என்ன உடுப்பு. பிறகு திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் பேச்சை மட்டும் கேட்பாள். கதைக்குள் விழுந்தால் ஆராய்ச்சி படுத்துவிடும் என்று மாணவர்களை மிரட்டியே வைத்திருந்தாள்.

அறிக்கை பிசகில்லாமல் வந்தது. ராணி எப்போதும் சன்னலோரம். முகத்தில் பாலைக் கொட்டிய மாதிரி வெளிச்சம். சூனியக்காரிக்குக் கீழேயிருந்து பச்சை விளக்கு, கழுத்து வரைக்கும் கரி. ராணி வாயைத் திறந்தால் செந்தமிழ். சூனியக்காரியும் அவளுடைய பூதப்படையும் திறந்தால் சந்தைப் பேச்சு. கறுத்த தோலும் எளிய பேச்சுமே கெடுதலின் அடையாளமாகிவிட்டன என்று முடித்திருந்தாள். பூதப்படையைப் பற்றிய பகுதி, அவள் எழுதியதிலேயே நன்றாக வந்தது.

நிகழ்ச்சித் தலைவர் படித்தார், நன்றி சொன்னார், குறுக்கு வழி பிடித்தார். சூனியக்காரியால்தானே தொல்லை? அடுத்த வாரம் குகை மேல் இடி விழுந்து அவள் சாவதாக எழுதச் சொல்லிவிட்டார்.

பெரியவள் நேரே தங்கை வீட்டுக்கு வந்தாள். கத்தவில்லை. சமையலறை முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். கத்தியிருந்தால் சின்னவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"நீ எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்லடி," என்றாள் பெரியவள். "அந்தக் கரி எனக்கே அரிக்குது. ஆனா ஒண்ணு சொல்லு. ஒரு நாளாவது என் மூஞ்சியையும் பேச்சையும் சேத்துப் பாத்தியா?"

சின்னவள் தன் முறையை விளக்கினாள். வகுப்பில் கம்பீரமாக ஒலிக்கிற அதே சொற்கள் சமையலறையில் பல்லிளித்தன.

"துணிய ஒரு கடையில பாத்துட்டு, தையல இன்னொரு கடையில பாத்துட்டு, சட்டை சரியில்லேன்னு எழுதிக் குடுத்திருக்க," என்று சொல்லிவிட்டுப் பெரியவள் எழுந்து போனாள்.

அன்று மாலை சின்னவள் ஒலியும் படமுமாக, ஊரில் எல்லோரும் பார்க்கிற மாதிரி பார்த்தாள். இன்னொரு அரண்மனை கட்டச் சதுப்பு நிலத்தைக் கேட்டு ராணி குகைக்கு வருகிற காட்சி. பச்சை விளக்கு எரிந்தது, முரசு அதிர்ந்தது. பார்த்து நடுங்குங்கள் என்று அத்தனையும் சேர்ந்து உத்தரவு போட்டன. ராணி பக்கம் பக்கமாகச் செந்தமிழ் பொழிந்து முடித்தாள். அக்கா தலையை நிமிர்த்தி, "இது நாங்க இருக்குற எடம். நீ போயிட்டு வாம்மா," என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ராணி பேசியதெல்லாம் நிலத்தரகர் பேச்சாகவே காதில் விழுந்தது. விளக்கையும் முரசையும் எதிர்த்து அக்கா ஒற்றை ஆளாக நடித்துக்கொண்டிருந்தாள். அறிக்கையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் நிலையத்துக்குப் போனாள். சூனியக்காரியைக் கொல்லாதீர்கள் என்று கெஞ்சினால் காரியம் அங்கேயே முடிந்துவிடும் என்பது தெரியாத வளர்ப்பில்லை அவளுடையது. அவள் அப்பா கடையில் துணி விற்றவர். எடுத்த எடுப்பில் கிடைக்காததைக் கேட்டாள். சிக்கலே ராணிதான் என்றாள். உட்கார்ந்த இடத்திலிருந்து உத்தரவு போடுவதைத் தவிர அவள் என்ன செய்கிறாள்? இடியை அரண்மனை மேல் போடுங்கள், அதற்கும் அறிக்கை எழுதித் தருகிறேன் என்றாள்.

ராணியாக நடிக்கிறவள் தயாரிப்பாளரின் மச்சினி. தலைவர் கையிலிருந்த தேநீர் பாதி வழியில் நின்றது.

"மேடம், அவங்களத் தொட்டா என் சீட்டு கிழிஞ்சிடும்," என்றார்.

அதற்குப் பிறகு பேரம் இறங்கியது. ராணி இருக்கட்டும், சூனியக்காரியும் இருக்கட்டும். ராணிக்குப் போடுகிற வெளிச்சமே அவளுக்கும். கரி கிடையாது. தலைவர் ஒவ்வொன்றுக்கும் பெருமூச்சு விட்டு ஒப்புக்கொண்டார். கடைசியில் அவர் முறை வந்தது. பூதங்களை மட்டும் கரியோடு அப்படியே விட்டுவிடச் சொன்னார். எல்லோருக்கும் வெளிச்சம் போட்டால் மிரட்ட அவருக்கு ஆள் வேண்டாமா?

சின்னவள் மேசை மேலிருந்த அறிக்கையில் தன் மிக நல்ல பகுதியைப் பார்த்தாள். அதில் இருந்த ஒவ்வொரு சொல்லும் நியாயம். தலைவர் அதன் குறுக்கே பேனாவை இழுத்தார். அவள் தடுக்கவில்லை.

படப்பிடிப்பு அரங்கின் பின்னால், ஒப்பனை அறை வாசலில் பெரியவளைப் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். இடி யார் தலையில் என்று பெரியவள் கேட்டாள். பக்கத்து மலையில் என்றாள் சின்னவள். பெரியவள் முகம் தெளிந்தது. அடுத்த நொடியே அப்பாவின் மகளாகிவிட்டாள்.

"என்ன விட்டுக் குடுத்த?"

"பூதங்கள."

உள்ளே நாலைந்து இளைஞர்கள் ஒரே கண்ணாடியில் முண்டியடித்துக்கொண்டு, ஒருவர் முதுகில் ஒருவர் கரி பூசிக்கொண்டிருந்தார்கள். அதிலொருவன் பெரியவளைப் பார்த்து, நாற்காலி காலியாக இருக்கிறது, வாங்கக்கா என்று கூப்பிட்டான். பெரியவள் வேண்டாம் என்று கையசைத்தாள். தங்கை பக்கம் திரும்பினாள்.

"அவங்களுக்கும் எங்கயாவது ஒரு தங்கச்சி இருப்பா," என்றாள். "அவ வந்து கேக்கட்டும்."