எந்திரிச்ச கடை

முட்டை விலை நாலு ரூபாய் எழுபது காசுக்கு இறங்கிய வாரத்தில், நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் சாலையோரம் இருந்த சண்முகப்பிரியாவின் சிக்கன் ரைஸ் கடை, தரையை விட்டு மூன்றடி மேலே எழுந்து நின்றது. தகரக் கூரை, சிமெண்டுத் தளம், அடுப்பு எல்லாம் சேர்ந்தே எழுந்தன. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு மேலே போனார்கள். யாருடைய சாஸும் சிந்தவில்லை.

சண்முகப்பிரியா கணவனைப் பிரிந்து சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியவள். அங்கே ஓர் உணவுக்கூடத்தில் வேலை பார்த்தவள். முழுக்கோழியைத் தளதளவென்று கொதிக்கவிடாத இளஞ்சூட்டில் வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே இஞ்சி, பூண்டு, கோழிக்கொழுப்பு சேர்த்துச் சோறாக்கி, வெள்ளரித் துண்டும் மிளகாய்ச் சாஸும் வைத்து எண்பது ரூபாய்க்குத் தந்தாள். நாமக்கல்லில் சிக்கன் ரைஸ் என்றால் தள்ளுவண்டியில் தீப்பறக்க வறுத்துத் தரும் சிவந்த சோறு. பக்கத்தில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த மதியழகன் முதல் நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, கோழிக்குச் சீக்குங்களா? இப்படி வெளுத்துக் கெடக்குது?" என்றார். "தின்னு பாத்துட்டுப் பேசுங்க" என்றாள். அவர் தின்று பார்த்தார். இன்னொரு தட்டு வாங்கினார். வருடம் திரும்புவதற்குள் டிரைவர்களும், விடுதியில் விட்ட பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரும் அந்த வெளுத்த கோழிக்கு வரிசையில் நின்றார்கள்.

அவளுடைய அண்ணன் தனபாலுக்கு அது பொறுக்கவில்லை. லட்சக்கணக்கில் முட்டைக்கோழி வைத்திருந்தவர் அவர். கோழியைக் கூண்டில் வளர்த்தால் பண்ணையம். அதையே வேகவைத்து, கண்டவர் தின்ற தட்டைக் கழுவினால் குடும்பத்துக்கே இழுக்கு என்பது அவர் கணக்கு. கடை நின்ற அஞ்சு சென்ட்டை அப்பா சாகும்போது மகளுக்கென்று வாயால் சொல்லியிருந்தார். பத்திரம் மகன் பெயரில் இருந்தது. கடை எழுந்த அன்று மதியம் தனபால் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி, "எம் மண்ண உட்டு எந்திரி" என்றார். சண்முகப்பிரியா கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கடை எழுந்தது. மேலேயிருந்து அவள் குரல் வந்தது. "எந்திரிச்சாச்சுங்ணா. வேறென்னுங்?"

தனபால் சர்வேயரை அழைத்து வந்தார். அவர் நான்கு பக்கமும் அளந்து பார்த்து, நிலம் காலியாகத்தான் இருக்கிறது என்றார். சுற்றிச் சுவர் எழுப்பினார் தனபால். கடை சுவருக்கு மேலே போனது. சுவரில் இன்னும் இரண்டு வரி கல் ஏற்றினார். கடையும் அவ்வளவு ஏறியது. சிமெண்டு விலை கூடிய மாதத்தில் சுவர் வேலை நின்றது. மதியழகன் லாரிக்கு வைக்கும் இரும்பு ஏணியைச் சாலைப் பக்கம் பற்றவைத்தார். மின்கணக்கு எடுப்பவர் அதில் ஏறிப்போய்க் கணக்கெடுத்தார்.

நாலு வருடம் கழித்து தனபால் மகளைப் பெண் பார்க்கத் திருச்செங்கோட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வழியில் மேலே ஏறிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பல் குத்திக்கொண்டே, "ஏனுங் மச்சா, இத்தன காடு தோட்டம் கெடக்குது, தங்கச்சி கடைக்குக் கீழ வெக்க எடமில்லீங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் தனபால் முதன்முறையாக ஏணியில் ஏறினார். "அஞ்சு சென்டும் உம்பேருக்கே கெரயம் பண்ணித் தாரேன். எறக்கிரு சாமி. ஊரு சிரிக்குது" என்றார்.

சண்முகப்பிரியா அவர் முன்னால் ஒரு தட்டு வைத்தாள். அவர் தின்று முடித்ததும் அந்தத் தட்டைக் கழுவி வைத்தாள்.

"எறங்குனா மறுக்காவும் எந்திரிம்பீங்க," என்றாள். "எனக்கு இந்த ஒசரமே சரிங்ணா."

அவர் இறங்கிப் போனார். அடுத்த மாதம் சாலைப் பக்கச் சுவரை இடித்துவிட்டு, கீழே இருந்த அஞ்சு சென்ட்டையும் பஞ்சர் கடைக்கு வாடகைக்கு விட்டார். மேலே தளம் இருந்ததால் பஞ்சர் கடைக்காரர் கூரை போடவில்லை.