ஷட்டர்காரர் வீடு போன தூரம்

அணை மதகுகளை இயக்கும் ஷட்டர்காரர் பொய் அறிக்கையில் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை, அவருடைய வீடு அணையை நோக்கி ஒரு சாண் நகர்ந்திருந்தது. குழாய் உடைந்து வாசலில் தண்ணீர் கொப்பளித்ததைப் பார்த்துத்தான் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சுவருக்கு இழுத்துக் கட்டிய துணிக்கொடியும் அறுந்து கிடந்தது. அணை ஊழியர் குடியிருப்பில் வரிசையாகப் பதினான்கு வீடுகள், அவருடையது கடைசி. மற்ற பதின்மூன்றும் இருந்த இடத்தில்தான் இருந்தன.

கையெழுத்து, ஏழு பேர் செத்ததைப் பற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீர்மட்டம் ஏறிவிட்டதென்று மூன்றாம் ஷட்டரைத் திறக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்தது. திறக்கும் முன் சைரன் அடிக்க வேண்டும். அது எட்டு மாதமாக ஊமையாகக் கிடந்தது. படகுகள் அந்தப் பக்கம் வராமல் தடுக்கும் மிதவை வரிசையோ போன வெள்ளத்தில் அறுந்து, கொட்டகையில் குவிந்து கிடந்தது. இரண்டையும் பற்றி அவர் நான்கு தடவை பதிவேட்டில் எழுதிவிட்டார். ஐந்தாம் தடவை எழுதக் கை சலித்துப்போயிற்று. பொத்தானை அழுத்தினார். சற்று நேரத்தில் கரை வளைவைச் சுற்றிக்கொண்டு ஆறு பயணிகளோடு ஒரு உல்லாசப் படகு வந்தது. துடுப்புப் போட்டவர் அவருடைய அக்கா புருஷன். அலை இல்லை, சத்தம் இல்லை. பளிங்கு மாதிரிக் கிடந்த தண்ணீர், கையைப் பிடித்து அழைத்துப்போவது போலப் படகை இழுத்தது. மாமா பின்பக்கமாகத் துடுப்பு வலித்தார். அவர் வாய் திறந்திருந்தது. கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. ஷட்டர்காரர் மூடும் பொத்தானை அழுத்தினார். ஷட்டர் முழுக்க இறங்கப் பதினோரு நிமிடம் ஆகும். படகுக்கு மூன்று நிமிடம் போதுமானதாக இருந்தது.

அக்கா அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டாள். உடனே இன்ஜினியர் பதிவேட்டையும் ஒரு அறிக்கையையும் தூக்கிக்கொண்டு வந்தார். பதிவேட்டில் நான்கு பக்கங்கள் கிழிக்கப்பட்டிருந்தன.

"சைரன் அடிச்சுச்சு, மிதவை இருந்துச்சு, படகுக்காரர் கேக்காம உள்ள வந்துட்டார். அவ்வளவுதான், கையெழுத்துப் போடு."

"சார், அவர் எங்க மாமா."

"தெரியும். சைரன் இல்லாம ஷட்டரைத் திறந்தது யாருன்னும் தெரியும். பொண்ணு எத்தனாவது படிக்குது?"

ஷட்டர்காரர் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வீடு தினம் ஒரு சாண் போயிற்று. ஆட்டமில்லை, விரிசலில்லை. ஆனால் டம்ளரில் ஊற்றிய தண்ணீர் அணைப் பக்கம் சாய்ந்தே நின்றது. அந்தப் பக்கம் விளிம்பு நனைய, இந்தப் பக்கம் அடி தெரிந்தது. மகள் பின்னலை அவிழ்த்தால், காற்றே இல்லாத அறையில் அவள் முடி அணையைப் பார்த்து நீண்டது. அவளுக்கு அது வேடிக்கை. அவர் உடனே பின்னிவிடச் சொன்னார். துறையிலிருந்து அளக்க வந்தவர்கள் மண் இளக்கம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். குடும்பத்தோடு மச்சினன் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்கிப் பார்த்தார். அந்த வீடும் அரை அடி நகர, மச்சினன் மரியாதையாகவே கிளம்பச் சொன்னார்.

ஒருநாள் அக்கா வந்தாள். சாலை நடுவில் நின்ற வீட்டைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை. அரசாங்கத்தின் பதில் மனு கையில் இருந்தது.

"சைரன் கேட்டும் போனாராமே உங்க மாமா. நிஜமாடா?"

அவர் உள்ளே போய் நாற்காலி எடுத்து வந்து போட்டார். அவள் உட்காராமலே போய்விட்டாள். அன்று வீடு நான்கு அடி நகர்ந்தது.

வழக்கு மூன்று வருடம் இழுத்தது. அவரைச் சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிட்ட வாரத்தில், வீட்டின் வாசற்படி உபரிநீர் விழும் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. முன்கதவுக்குத் தாழ் போட்டு, அதன்மேல் பீரோவையும் நகர்த்தி வைத்துவிட்டு, அடுக்களை வழியாகப் புழங்கினார்கள். பீரோவும் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து இரண்டு தடவை கதவை முட்டியது.

அரசு வக்கீல் சிரித்த முகமாகக் கேட்டார்: "சைரன் அடிச்சது, இல்லையா?"

ஷட்டர்காரருக்கு வேலை, குடியிருப்பு, ஜெயில் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. நீதிபதியின் மேசையைப் பார்த்தார். அங்கிருந்த டம்ளரிலும் தண்ணீர் சாய்ந்து நின்றது.

"இல்லைங்க. சைரன் அப்போ எட்டு மாசமா வேலை செய்யல. மிதவை கொட்டகையில கிடந்துச்சு. நாலு தடவை எழுதினேன், கிழிச்சுட்டாங்க. எல்லாம் தெரிஞ்சும் திறந்தது நான்தாங்க. மாமா மேல ஒரு தப்பும் இல்ல."

இன்ஜினியர் எழுந்து வெளியே போனார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

ஏழு சாவுக்கும் துறையே பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. படகுக்காரர் மேல் பிழை இல்லை என்று தனியாக ஒரு வரியும் இருந்தது. ஷட்டர்காரரை வேலையிலிருந்து நீக்கினார்கள். குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லியும் ஆணை வந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்த ஊழியர் பதினான்காம் மனையில் வீடே இல்லாததைப் பார்த்து, 'காலி செய்யப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போனார். சாட்சி சொன்ன அன்றே வீடு நின்றுவிட்டது. ஆனால் திரும்பிப் போகவில்லை. கீழே தண்ணீர் விழும்போதெல்லாம் அவர் சுவரைப் பிடித்துக்கொள்வார்.

தீர்ப்புக்கு மறுமாதம் அக்கா அடுக்களை வழியாக வந்தாள். "முன்கதவைத் திற," என்றாள். பீரோவை நகர்த்தித் திறந்தார். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

"எந்த இடம்?"

அவர் காட்டினார். அவள் நெடுநேரம் நின்றாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து, பள்ளத்தின் மேல் காலைத் தொங்கவிட்டுக்கொண்டாள்.

"காத்து நல்லா வருதுடா. சாத்தாத."

அன்றிலிருந்து அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. தபால்காரர் பின்வாசலில் கூப்பிடுகிறார்.