சிவப்பு விளக்கு எரிந்த நாள்

பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டியதும் உதயகுமாரின் காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் இல்லை என்று சொல்லும் விளக்கு. அவன் யோசிக்கவே இல்லை. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான்.

அன்று பூந்தமல்லி மண்டபத்தில் அவன் தங்கை லாவண்யாவுக்கு நிச்சயதார்த்தம். அவளும் அம்மாவும் முன்பே வேனில் போய்விட்டார்கள். வரிசைத் தட்டுகள் இந்தக் காரில் இருந்தன. அப்பா இல்லாததால் தாம்பூலம் மாற்ற வேண்டியவனும் அவன்தான்.

"ஏன்பா நிறுத்திட்ட?" என்றார் பின்சீட்டில் இருந்த சித்தப்பா பச்சையப்பன்.

"ஆயில் பிரஷர் இல்லைன்னு காட்டுது சித்தப்பா. ஓட்டினா எஞ்சின் போயிடும்."

"வெறும் விளக்குதானே. புகை வரல, சத்தம் வரல. மண்டபம் இதோ கிட்டத்துல இருக்கு. ராகு காலம் வந்துடும், எடு வண்டிய."

உதயகுமார் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சின் சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவன். எண்ணெய் ஓட்டம் நின்றால் உள்ளே இரும்போடு இரும்பு உரசி எஞ்சின் எப்படி இறுகிப்போகும் என்று அவனுக்குத் தெரியும். பானெட்டைத் திறந்து அளவுக் கம்பியை உருவிப் பார்த்தான். எண்ணெய் தேவையான அளவு இருந்தது. ஒன்று பம்பு போயிருக்க வேண்டும். இல்லையென்றால் அழுத்தத்தை அளக்கும் சென்சார் கெட்டிருக்க வேண்டும். எது என்று சும்மா பார்த்துச் சொல்ல முடியாது.

அவன் கோவில்பதாகை மெக்கானிக் மதுரைவீரனுக்குப் போன் செய்து முடிப்பதற்குள் முன்சீட்டில் இருந்த மனைவி ஜெயப்பிரியா இறங்கி ஒரு ஆட்டோவை நிறுத்தியிருந்தாள். தட்டுகளையும் சித்தப்பாவையும் ஏற்றிவிட்டு, "நீங்களும் வாங்க. நெருக்கி உட்காரலாம்," என்றாள்.

"மதுரைவீரன் வரட்டும். பின்னாலயே வந்துடறேன்."

"வண்டி இங்கயே நிக்கட்டுமே?"

அவன் பானெட்டுக்குள் குனிந்துகொண்டான். ஆட்டோ கிளம்பிப் போனது. அதன் பிறகும் காலி ஆட்டோக்கள் அந்த வழியாகப் போய்க்கொண்டுதான் இருந்தன. அவன் கை நீட்டவில்லை.

மதுரைவீரன் பைக்கை நிறுத்தும்போதே கேட்டான். "இன்னா சார், லைட்டு எரிஞ்சப்புறம் ஓட்டினியா?"

"இல்ல. உடனே அணைச்சுட்டேன்."

"அது கரெக்டு."

சென்சாரின் ஒயர் முனையைக் கழற்றியதும் அதன் வாயில் எண்ணெய் கசிந்திருந்தது தெரிந்தது. மதுரைவீரன் அதை விரலில் தொட்டுக் காட்டினான். "இங்க எண்ணெ வரவே கூடாது. சென்சாருதான் கெட்டுப் பூட்டாப்ல கீது. ஆனா மீட்டர் போட்டுப் பாத்துர்லாம்."

சென்சாரைத் திருகி எடுத்துவிட்டு, அந்தத் துளையில் அழுத்தமானியின் குழாயைப் பொருத்தினான். உதயகுமார் சாவியைத் திருப்பப் போன நேரத்தில் ஜெயப்பிரியாவின் போன் வந்தது.

"எல்லாரும் மேடையில உட்கார்ந்தாச்சு. அவங்க வீட்டுல நேரம் போகுதுங்கறாங்க. சித்தப்பாவைத் தாம்பூலம் மாத்தச் சொல்லட்டுமா?"

"சொல்லு," என்றான். போனை வைத்துவிட்டு எஞ்சினை முடுக்கிவிட்டு, இறங்கி வந்து பார்த்தான்.

முள் சட்டென்று ஏறி நடுவில் நின்றது. மதுரைவீரன் வேகத்தைக் கூட்டினான். முள் இன்னும் ஏறியது. விட்டதும் இறங்கி நிதானமாக நின்றது.

"பம்பு சோக்கா கீது சார். சென்சாரு மட்டும்தான்."

மதுரைவீரன், போனில் விஷயத்தைக் கேட்டுக் கையோடு கொண்டுவந்திருந்த புது சென்சாரைப் பூட்டினான். ஒயர் முனையில் இருந்த எண்ணெயைத் துடைத்துச் செருகினான். எஞ்சினை மறுபடி ஓட்டியபோது விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. உதயகுமாருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி மண்டபத்து வாசல்வரை வந்தது.

உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. லாவண்யா புதுப் புடவையில் இருந்தாள். "வண்டி சரியாயிடுச்சாண்ணா?" என்று கேட்டாள். ஆயிற்று என்றான். மாப்பிள்ளை வீட்டார் சித்தப்பாவைச் சூழ்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவனை அறிமுகப்படுத்தியபோது மாப்பிள்ளையின் அப்பா, "நீங்கதானா?" என்று மட்டும் கேட்டார்.

கடைசிப் பந்தியில் ஜெயப்பிரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன கோளாறு?"

"சென்சார்தான்."

"அப்போ ஓட்டிக்கிட்டே வந்திருக்கலாமா?"

"வந்திருக்கலாம். ஆனா அப்போ அது தெரியாதே."

"அது சரிதான்," என்றாள் அவள். "நிறுத்தினதை நான் தப்புன்னு சொல்லல. ஆட்டோவுல ஏன் ஏறலன்னு கேக்கறேன்."

அவன் இலையில் இருந்த சாதத்தைப் பிசைந்தான். பரிமாறுகிறவர் வந்து ரசமா மோரா என்று கேட்டார். மோர் என்றான்.