ஏசிப் பெட்டியும் கூழ் வடகமும்

கிட்ட வாங்க கண்ணுகளா, விசிறிக் காற்று எட்டுகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். வெயில் கதை ஒன்று வைத்திருக்கிறேன். கேட்டு முடிக்கும்போது உங்களுக்கே கொஞ்சம் குளிர்ந்திருக்கும்.

டெக்சஸில் பிளானோ என்று ஓர் ஊர். ஜூலை மாதம் அங்கே கார்க் கதவைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும். அந்த ஊரில் மதன் வீட்டில், அவன் தங்கை வான்மதிக்குச் சனிக்கிழமை வளைகாப்பு. பிறந்த வீட்டார்தான் செய்வோம் என்று அவன் அம்மா சாந்தாமணி ஈரோட்டிலிருந்து வந்து இறங்கிய அன்றே சம்பந்தியிடம் அடித்துச் சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மா பக்கத்து ஃபிரிஸ்கோவில் நீச்சல்குளம் வைத்த வீட்டுக்காரி. "உங்க சௌகரியம்ங்க. முடியலைன்னா நம்ம வீடு இருக்கவே இருக்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு சாந்தாமணியின் தொண்டையில் முள்ளாக நின்றது.

அந்த வாரம் பார்த்து ஏசி மக்கர் பண்ணியது. காலையில் ஒழுங்காக இருக்கும். வெயில் ஏற ஏற, குளிர்காற்று வர வேண்டிய இடத்தில் அடுப்புக் காற்று வரும். பொழுது சாய்ந்தால் மறுபடி குளிரும். சாயங்காலம் வந்த மெக்கானிக்கிடம் அது நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. அவனும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

மதன் மென்பொருள்காரன், சும்மா இருப்பானா? வெள்ளிக்கிழமை நண்பர்களைக் கூட்டிவிட்டான். எல்லாரும் இன்ஜினியர்கள். மடிக்கணினிகளைத் திறந்து, சுவரில் ஏசியின் குளிரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ரீஸ்டார்ட் பண்ணியா?" என்றான் ரஞ்சித்குமார்.

"பண்ணிட்டேன்டா."

"மறுபடி பண்ணு. ஃபில்டர்?"

"புதுசு."

"அப்ப சாஃப்ட்வேர்தான் மச்சி. அப்டேட் விட்ருவோம்."

மதனின் மனைவி தாமரைச்செல்வி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இத்தன பேர் இருக்கீங்க, ஒருத்தராச்சும் பின்னாடி போய் அந்த யூனிட்ட பாத்தீங்களா?"

"எல்லா டேட்டாவும் ஆப்லயே வருது தாமரை."

வெளியே போக யாருக்கும் மனசில்லை. வெளியே வெயில் அல்லவா!

வெயிலுக்குப் பயப்படாத ஒரே ஆள் சாந்தாமணிதான். வளைகாப்புப் பந்தியில் அம்மா கையால் போட்ட கூழ் வடகம் வேண்டும் என்று வான்மதி ஆசைப்பட்டுவிட்டாள். மாவு கிண்டியாயிற்று. காயவைப்பது எங்கே? புல்தரையில் போட்டால் நெருப்பெறும்பு, வேலி மேல் போட்டால் அணில். வாசலிலே விரித்தால், துணி காயப்போட்டாலே அபராதம் போடும் எச்ஓஏ என்கிற குடியிருப்புச் சங்கம். தேடிப் பார்த்தபோது வீட்டுக்குப் பின்னால் இடுப்புயர இரும்புப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் தலையிலிருந்து வானத்தைப் பார்த்துச் சூடான காற்று வீசியது.

"என்ற மகராசா! எனக்குன்னே வச்சாப்ல இருக்குதே!"

ஈரோட்டு வீட்டில் ஏசிப் பெட்டி சுவரில் தொங்கும், பக்கவாட்டில் ஊதும். தரையில் உட்கார்ந்திருப்பதும் அதே ஜாதிதான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? புருஷன் வெங்கடாசலத்தின் பழைய வேட்டியை மடித்துப் பெட்டியின் தலையை மூடி, ஓரத்தில் செங்கல் வைத்து, தினமும் வடகம் பிழிந்தாள். சாயங்காலம் எடுத்துவிடுவாள். வீட்டுச் சூட்டை வெளியே தள்ள வேண்டிய பெட்டி, பகலெல்லாம் மூச்சுமுட்டிக் கிடந்தது.

வெள்ளி மத்தியானம் மதன் கையை விரித்துவிட்டான். "அம்மா, மாசமான பொண்ண இந்தச் சூட்டுல உக்கார வைக்க முடியாது. ஃபிரிஸ்கோவுலயே வச்சுக்கலாம். நான் அத்தைக்கு போன் பண்றேன்."

சாந்தாமணியின் முகம் வற்றிப்போனது. "கொஞ்சம் பொறு கண்ணு" என்றாள்.

அந்நேரம் வான்மதி புருஷன் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். உள்ளே புழுக்கம் தாங்காமல் நேரே பின்கதவைத் திறந்து போனாள். பெட்டியின் மேல் பாதி காய்ந்த வடகம்! சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அதன்மேல் உயிர். வேட்டியோடு அள்ளிக்கொண்டு நிழலில் உட்கார்ந்து பிய்த்துத் தின்ன ஆரம்பித்தாள். பெட்டி 'புஸ்' என்று அனலைக் கக்கியது.

சற்று நேரத்தில் உள்ளே ஒரே கூச்சல். "வந்துருச்சுடா, கூலிங்! நான் சொல்லல, அப்டேட்னு!"

காலி வேட்டியைப் பார்த்த சாந்தாமணி பதறினாள். "அடியே, என்ற வடகத்த என்னடி பண்ணுன?"

வான்மதி பெட்டிக்கு மேலே கையை நீட்டிப் பார்த்தாள். உள்ளே கேட்ட கூச்சலையும் கேட்டாள். "அம்மா... இதுதாம்மா நம்ம ஏசி."

"எதுடி?"

"நீங்க வேட்டி போத்தித் தூங்க வச்சிருந்தீங்களே, இது."

சாந்தாமணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "அடக் கடவுளே! சம்பந்தி வீட்டுக்கு நானே வழி போட்டுக் குடுத்திருப்பனே!"

"உள்ள போய்ச் சொல்லட்டுமா?"

கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தாள் தாய். நண்பர்கள் தெர்மோஸ்டாட்டோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "வேண்டாம் கண்ணு. பசங்க சந்தோசமா இருக்குதுக, பாவம்."

மறுநாள் குளுகுளுவென்று அதே வீட்டில் வளைகாப்பு. முந்திய நாட்களில் காய்ந்த வடகமே பந்திக்குப் போதுமானதாக இருந்தது. ரஞ்சித்குமார் அதை நொறுக்கிக்கொண்டே அப்டேட்டின் அருமையை எல்லாருக்கும் விளக்கினான். சம்பந்தியம்மா இன்னொரு வடகத்தை எடுத்துக்கொண்டு, "எப்படிங்க இவ்வளவு மொறுமொறுப்பு?" என்று கேட்டாள்.

"மெஷின்லங்க" என்றாள் சாந்தாமணி. வான்மதி வளையல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி வளையல் குலுங்கட்டும் கண்ணுகளா. வெயில் வாசலோடு நிற்கட்டும், கூடம் குளிர்ந்திருக்கட்டும், நீங்கள் பொரிக்கிற வடகமெல்லாம் பூவாக விரியட்டும்.