பிப்பாவின் டப்பாவில் நான்கு பிஸ்கட்

1.

அந்த மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டியவள் நான். மூன்று வரைவுகளில் இதை மறைத்திருந்தேன். நான்காவதில் முதல் வரியாகவே வைத்துவிட்டேன்.

வேலை மழலையர் பள்ளியில். மாலையில் குழந்தைப் பராமரிப்பு வகுப்பு. பள்ளியில் நடப்பதை உணர்ச்சிவசப்படாமல் நாட்குறிப்பில் எழுத வேண்டும் என்பது வகுப்பின் விதி. எழுதினேன்: "உணவு தொடர்பாக ஒரு தாயுடன் சிறு கருத்துப் பரிமாற்றம் நிகழ்

[கருத்துப் பரிமாற்றமாம்! பிப்பாவின் அம்மா கெரின் என்னிடம் கத்தினாள். நான் விதியைச் சொல்லிக்கொண்டு நின்றேன். அந்தப் பாதி வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.]

2.

கெரின் வாழைப்பழம் பேக் செய்யும் கொட்டகையில் வேலை பார்ப்பவள். வளைவு சரியில்லை என்று கழித்த பழங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, தோல் கறுக்கும்வரை வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மகள் பிப்பா, நான்கு வயது, முள்கரண்டியைத் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் பழத்தைப் பிசைந்தாள். ஒன்றரைக் கப் ஓட்ஸ், ஒரு பிடி உலர்திராட்சை, கொஞ்சம் பட்டைத்தூள். சர்க்கரை கிடையாது. இந்த மாவு ஓவனில் தானாகப் பரவாது. உருண்டைகளை அழுத்தித் தட்டையாக்க வேண்டும். பிப்பா அழுத்தினாள். பள்ளிக்கு எடுத்துவைத்த நான்கு பிஸ்கட்டிலும் அவள் கட்டைவிரல் பதிந்திருந்தது.

(கட்டைவிரல் என் கற்பனை. பார்க்காமலே ஸ்டிக்கர் ஒட்டியவள், இப்போது பார்க்காமலே வர்ணிக்கிறேன்.)

3.

திங்கட்கிழமை மதியம் அந்த நான்கையும் டப்பாவிலேயே மூடி, "இனிப்பு: விசேஷ நாளுக்கு மட்டும்" என்ற மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டினேன். பக்கத்துப் பையன் பாக்கெட் ஓட்ஸ் பார் தின்றுகொண்டிருந்தான். உறையில் சத்து மதிப்பீட்டு நட்சத்திரம் அச்சிட்டிருந்ததால் அதற்குத் தடையில்லை.

(முந்தைய வரைவுகளில் இதைச் செய்தவள் பிரான்வின். ஐம்பது வயது, இறுகிய உதடு. அப்படி ஒருத்தி எங்கள் பள்ளியிலேயே இல்லை. பழியைச் சுமக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அடித்துவிட்டேன்.)

4.

செவ்வாய்க்கிழமை காலை கெரின் கொட்டகை பூட்ஸோடு உள்ளே வந்தாள். தரையெல்லாம் சேறு.

"ஏம்மா, நீ அதை மோந்தாவது பாத்தியா?"

"வீட்ல செஞ்சதுல என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது, கெரின். பாக்கெட்னா பின்னாடி போட்டிருக்கும்."

"அப்ப என்னைக் கேக்க வேண்டியதுதானே? நான் என்ன நிலாவுலயா இருக்கேன்? ரெண்டு தெரு தள்ளி நிக்கறேன்!"

"ரூல்ஸ்..."

"வாழை விளையற இந்த ஊர்ல நின்னுக்கிட்டு வாழைப்பழத்துக்கு எங்கிட்ட சர்டிபிகேட் கேக்கறியா? நேத்து பிப்பா வீட்டுக்கு வந்து அதைத் தொடவே மாட்டேன்னுட்டா. 'நான் கையால பிசைஞ்சதாலதான் கெட்டுப்போச்சா'ங்கறா. என்ன சொல்லட்டும்? நீதான் படிக்கிறியாமே, சொல்லு!"

எனக்கே என்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

5.

முடிவு அ: நான் மன்னிப்புக் கேட்கிறேன். பிப்பா சிரித்தபடி ஒரு கடி கடிக்கிறாள். (நான் நிம்மதியாகத் தூங்க அந்தக் குழந்தை எதற்குச் சாப்பிட வேண்டும்?)

முடிவு ஆ: ஒவ்வொரு பிஸ்கட்டிலும் கெரின் கொட்டகையின் பழ முத்திரையை ஒட்டி அனுப்புகிறாள். எல்லோரும் சிரிக்கிறோம். (சிரித்தால் தப்பித்துவிடுவேன். வேண்டாம்.)

6.

புதன்கிழமை நடந்தது இது. பள்ளி வாசலில், மழையில், கெரின் டப்பாவைத் திறந்து நீட்டினாள். பிப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தாள். வாயருகே கொண்டுபோனாள். நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள், என்னை. பெற்றவள் பக்கத்தில் நிற்க, தின்னலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

இரண்டே நாளில் இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

தலையாட்டினாலும் தப்பு, ஆட்டாவிட்டாலும் தப்பு. அடுத்த வரியை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவளுக்குப் பதிலாக மறுபடியும் நானே தீர்மானித்ததாக ஆகும். நீங்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். தயவுசெய்து, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.