கோணலாக வெட்டக் கற்றவன்

1. முன்னுரை

இக்கதை ஒரு கட்டுரையிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் தையற்காரன், நாற்பத்து மூன்றாம் வயதில் முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றவன். ‘குழந்தைகளுக்கு வீட்டிலேயே உலர்பழத் தின்பண்டம் செய்யும் முறை’ என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் பிழை ஒன்றுகூட இல்லை. (இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.) ஆயினும் ஆசிரியை தாளைத் திருப்பித் தந்தார்.

“எல்லாம் சரியா இருக்குண்ணே. எத்தனை நாள் கெடாம இருக்கும்னு மட்டும் எழுதாம விட்டுட்டீங்களே?”

அந்த ஒரு வரியைத்தான் எழுதத் தொடங்கினேன். அது இவ்வளவு நீண்டுவிட்டது.

2. கைவிட்ட தொடக்கங்கள்

‘வாழைப்பழம் முக்கனிகளுள் ஒன்று. அதனை உலர்த்தி உண்பதால் விளையும் நன்மைகள் பல. அவையாவன…’

(எனக்கு மிகவும் பிடித்த நடை. ஆனால் அந்நன்மைகளை எண்ணத் தொடங்கியதும் கை ஓடவில்லை.)

‘ஓர் ஊரில் ஒரு தையற்காரன் இருந்தான். அவனுக்கு ஒரு மனைவி…’

(அடுத்த சொல் ‘இருந்தாள்’. பேனா அங்கேயே நின்றுவிட்டது.)

ஆகவே நானே பேசுகிறேன். என் மனைவி சென்ற ஆண்டு காய்ச்சலில் இறந்தாள். எங்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு ஒன்பது வயது. அவளுடைய அதிகாரத்தைக் கண்டு ‘மேடம்’ என்று பெயரிட்டோம். இளையவளுக்கு ஐந்து வயது, அவள் ‘வாலு’. காரணம் கூறத் தேவையில்லை.

3. செய்முறை

அளவாகப் பழுத்த வாழைப்பழங்களைத் தோலுரித்து மெல்லிய துண்டுகளாக நறுக்குக. கறுக்காதிருக்க எலுமிச்சைச் சாறு தடவுக. கம்பிவலைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, மொட்டைமாடி வெயிலில் மூன்று பகல் வைக்க. இடையிடையே புரட்டுக. விரலில் ஒட்டாமலும் வளைத்தால் ஒடியாமலும் இருப்பின் அதுவே பதம்.

இது என் மனைவியின் முறை. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் வெயில் மிட்டாய். அவள் ஒரு துண்டைக்கூட நேராக நறுக்கியதில்லை.

“ஒரு தையக்காரன் பொண்டாட்டி வெட்டுற வெட்டா இது?” என்று கேலி செய்வேன்.

“பழம் என்ன கல்யாணத்துக்கா போகுது, அளவெடுத்து வெட்ட?” என்பாள்.

அவள் இறந்த அன்று கண்ணாடி ஜாடியில் பாதி மீதமிருந்தது.

4. மேடம்

வாலு வழக்கம்போல் தின்றாள். மேடம் தொடவில்லை, ஜாடிக்குள் போன தங்கையின் கையையும் தட்டிவிட்டாள்.

“நாம தின்னா அம்மா தீர்ந்துடுவாங்கப்பா.”

“அது மிட்டாய்தானே கண்ணு.”

“அம்மா கையால செஞ்சது வேற என்ன இருக்கு நம்ம வீட்ல?”

(இக்கேள்விக்கு விடை எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தேன். அது இன்னும் காலியாகவே இருக்கிறது.)

நாளடைவில் சோறும் அவளுக்கு இறங்கவில்லை. ஜாடி குறையக் கூடாது என்று முடிவு செய்தேன். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற நேரத்தில் மாடியில் நானே உலர்த்தினேன். என் துண்டுகள் சட்டைப் பட்டியில் வரிசையாகத் தைத்த பொத்தான்களைப்போல் ஒரே அளவாக விழுந்தன. யார் பார்த்தாலும் கண்டுகொள்வர். எனவே கோணலாக வெட்டப் பழகினேன். இருபத்தைந்து ஆண்டுகள் கோட்டின்மேல் சென்ற கை, கோட்டைவிட்டு விலக மறுத்தது. இறுதியில் கத்தியை இடக்கைக்கு மாற்றினேன். அப்போது வந்தது அவளுடைய வெட்டு. எழுத்தறிந்த நாளில் நான் அழவில்லை, அன்று அழுதேன்.

வாரத்திற்கு ஒரு பிடி. போட்டதும் ஜாடியை நன்றாகக் குலுக்கிவிடுவேன்.

“அப்பா, ஜாடி குறையவே இல்ல!” என்றாள் வாலு.

“அம்மா நெறைய செஞ்சு வச்சுட்டுப் போயிருக்காங்க.”

ஒருநாள் மேடமும் ஒரு துண்டை எடுத்து வாயிலிட்டாள். அன்று மறுசோறு கேட்டாள்.

5. பிழை

நேற்றோடு ஓராண்டு நிறைந்தது. பள்ளி விட்டதும் மேடம் என் மேசையருகே வந்து நின்றாள்.

“நீங்க மாடியில காயப்போடுறத நான் எப்பவோ பாத்துட்டேன்பா. பரவால்ல. அம்மா செஞ்சதுல ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க. திங்க மாட்டேன். வச்சுக்கறேன்.”

ஜாடியைத் துணி வெட்டும் மேசையில் கவிழ்த்தேன். நாற்பத்தேழு துண்டுகள். இஞ்சுநாடாவை வைத்துப் பார்த்தேன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன். ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் தைப்பவன் என்று பேர் எடுத்தவன் நான். அந்தத் திறமை என்னையே ஏமாற்றிவிட்டது. அவளுடையது ஒன்றேனும் அதில் மிஞ்சியிருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது.

6. மாற்று முடிவுகள்

அ) மேடம் தன் பென்சில் பெட்டியைத் திறக்கிறாள். முதல் நாளே ஒளித்துவைத்த ஒரு துண்டு அதில்…

(அழகான முடிவு. ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். பென்சில்தான் இருந்தது.)

ஆ) தந்தை உண்மையைக் கூறுகிறான். மகள் அவனைக் கட்டிக்கொண்டு…

(ஒன்பது வயதுப் பிள்ளையிடம் மன்னிப்பை எழுதி வாங்க எனக்கு மனமில்லை.)

7. முடிவுரை

இனி, நடந்தது. வாலு ஓடி வந்தாள். நான் தடுக்குமுன் மேசையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பாதியைக் கடித்து, கண்ணை மூடி மென்றாள்.

“இது அம்மாது!”

“உனக்கு எப்படிடீ தெரியும்?” என்றாள் மேடம்.

“எங்கம்மா ருசி எனக்குத் தெரியாதா? போடீ.”

மீதிப் பாதியை எச்சிலோடு அக்காவிடம் நீட்டினாள். அதன் ஓரத்தில் ஒரு நீல நூலிழை ஒட்டியிருந்தது. போன வாரம் தட்டை மூடக் கையில் வேறு துணி அகப்படாமல் நான் விரித்த நீல லைனிங் துணியின் நூல் அது.

மேடம் நூலைக் கவனிக்கவில்லை. இரண்டு கைகளையும் குவித்து அந்தப் பாதியை வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆமாவாப்பா?”

வாசகரே, இத்தகைய இடத்தில் பாடநூல் செய்வதையே நானும் செய்கிறேன். பேனா உங்களிடம் இருக்கட்டும். அவள் இன்னும் கையை மூடவில்லை.

கோடிட்ட இடத்தை நிரப்புக:

தையற்காரன் தன் தலையை ______________ அசைத்தான்.