ரெண்டு பேர் ஆட்டம்

சஃபீருக்கு வீடியோ கேம் வாங்குவதில் இருந்த சுறுசுறுப்பு ஆடுவதில் இல்லை. கொடைக்கானல் ஏரிச் சாலையில் சாக்லேட்டும் தைலமும் விற்கிற கடை அவனுடையது. தள்ளுபடி என்று போனில் செய்தி வந்தால் போதும், கல்லாவில் உட்கார்ந்தபடியே வாங்கிவிடுவான். வீட்டு டிவியில் ஆடுவதற்கென்று இப்படி நூற்றுப் பதினேழு சேர்ந்துவிட்டன. எல்லாமே இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டியவை. அவனும் தம்பி ஃபவாஸும்.

ஃபவாஸுக்கு இருபத்து நாலு வயது. தசைகள் வலுவிழந்துகொண்டே போகிற நோய். கால்கள் ஓய்ந்து ஏழு வருஷம் ஆகிறது. கைகளுக்கும் அதிக நாள் இல்லை என்று மதுரை டாக்டர் மார்ச் மாதத்தில் மறைக்காமல் சொல்லிவிட்டார். மலையேறி வருகிற வழியில் ஃபவாஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"விரல் ஆடுறப்பவே ஒரு கேமையாச்சும் கடைசி வரைக்கும் முடிச்சிரணும்ணே. ரெண்டு பேருமா."

"சீசன் முடியட்டும்டா. கடைய வெள்ளனே சாத்திட்டு வந்துர்றேன்."

கொடைக்கானல் கடைக்காரர்களுக்குக் கல்யாணம், வைத்தியம், துக்கம் விசாரிக்கப் போவது எல்லாமே சீசனுக்கு அப்புறம்தான். மே முடிந்தது, கூட்டம் முடியவில்லை. ஓணத்துக்குக் கேரளாக்காரர்கள் வந்தார்கள், பூஜை விடுமுறைக்கு வங்காளிகள், தீபாவளிக்குக் குஜராத்திகள். மனசு உறுத்தும்போதெல்லாம் சஃபீர் இன்னொரு கேம் வாங்கினான். வாங்கியதுமே தம்பியோடு ஆடி முடித்துவிட்ட மாதிரி ஒரு வெட்கங்கெட்ட நிம்மதி வந்து தொலைத்தது.

நவம்பர் மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டது. மூன்று நாளாக ஒரு வண்டிகூட மேலே வரவில்லை. சஃபீர் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வந்தான். தம்பியைத் தலையணைகளுக்கு நடுவே நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு கன்ட்ரோலரை அவன் கைகளுக்குள் பொருத்தி வைத்தான். முதன்முதலாக வாங்கிய கேமையே போட்டான்.

திரையில் சஃபீரின் ஆள் ஓடிப்போய் ஒரு பெரிய கதவருகே நின்றான். கதவை இரண்டு பேர் சேர்ந்து தள்ள வேண்டும். மற்றவன் புறப்பட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"வெரசா வாடா" என்று சொன்ன பிறகுதான் சஃபீர் தம்பியின் கையைப் பார்த்தான். கட்டைவிரல் பொத்தான்மேல்தான் இருந்தது. பொத்தான் அமுங்கவில்லை.

"எப்பருந்துடா?"

"ஓணக் கூட்டம் வந்துச்சுல்ல, அப்பருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உனக்குச் சோலி கெடந்துச்சுண்ணே."

அம்மா மதீனா பீவி இரண்டு மாதத்துக்கு மேலாக ஃபவாஸுக்குச் சோறு ஊட்டிவிடுகிறாள். சாப்பாட்டு நேரங்களில் சஃபீர் கடையில் இருந்தான். அவனுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபவாஸே பேச்சை மாற்றினான். "ஒத்த ஆளா ஆடுற கேம் எதையாச்சும் போடுண்ணே. நீ ஆடு, நான் பார்த்துக்கிட்டுக் கெடக்கேன்."

சஃபீர் பட்டியலை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனான். கடைசி வரைக்கும் போய், மறுபடி மேலே வந்தான். ஒற்றை ஆள் ஆடுகிற கேம் அதில் ஒன்றுகூட இல்லை. இரண்டு பேருக்கானதுதானா என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வாங்கியவன் அவன்தான்.